லிஃப்ட்காரர் எழுதிய கட்டுரை

லிஃப்ட் பழுது பார்க்கும் அவருக்கு நாற்பத்தாறு வயது. மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலத் தேர்வில் கட்டுரை எழுதித் தேற வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார்.

முதல் வாரம் 'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்புக்கு, கைடில் இருந்த கடற்கரைச் சுற்றுலாவை உருப்போட்டு எழுதிக் கொடுத்தார். டீச்சர் படித்துவிட்டு, "எந்தக் கடற்கரை சார் இது?" என்றார்.

"நான் போனதில்லைங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. வீட்டில் தானாகவே பழகப் பத்து வழிகள் அச்சடித்த தாளை நீட்டினார்.

அந்தத் தாள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மூன்றாவது வழி, எழுதும்போது அகராதியைத் தொடாதே என்றது. ஏழாவது, ஒவ்வொரு சொல்லையும் சரிபார் என்றது. வயரிங் படம் இப்படி இருந்தால் லிஃப்ட் மேலேயும் போகாது, கீழேயும் வராது.

"முன்னுரையில சொல்லணுமாம், நடுவுல சொல்லணுமாம், முடிவுல திரும்பவும் சொல்லணுமாம்," என்றார் மனைவியிடம்.

"உங்க அக்கா போன்ல பேசற மாதிரியா?"

ஒன்பதாவது வழி, எழுதியதை வாய்விட்டுப் படிப்பது. இம்முறை சொந்தக் கதை. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணோடு, கதவுக்கு வெளியே நின்று நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே இருந்த நாளை எழுதியிருந்தார். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. காய் நறுக்கியபடி கேட்டவர், "இங்க எதையோ முழுங்கறீங்க," என்று நான்கு இடங்களில் நிறுத்தினார். மூன்றில் வாக்கியம் உண்மையிலேயே உடைந்திருந்தது. நான்காவதில் பிழையே இல்லை. அந்தப் பெண் "போயிடாதீங்க" என்று கெஞ்சிய இடம் அது.

"நீங்களே எழுதினதா?" என்றார் டீச்சர், அடுத்த சனிக்கிழமை வகுப்பில். பாராட்டா சந்தேகமா என்று அவருக்கு விளங்கவில்லை.

"ஆமாங்க. மூணு தப்பு என் மனைவி கண்டுபிடிச்சா."

"அவங்களும் டீச்சரா?"

"இல்லைங்க, இங்கிலீஷே தெரியாது."

இப்போது குழம்பியது டீச்சர்.

தேர்வு நாளில் தலைப்பு 'பொறுமை'. லிஃப்டில் ஏற்கெனவே விளக்கு எரியும் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்களைப் பற்றி எழுதினார். உதடு அசைவதைக் கண்டு கண்காணிப்பாளர் வந்துவிட்டார். "யார்கிட்ட பேசறீங்க?"

"எழுதினதைக் கேட்டுப் பாக்கறேங்க."

மயிரிழையில் தேறினார். பத்து வழிகளில் எது கைகொடுத்தது என்று டீச்சர் கேட்டபோது, "ஒன்பதாவதுங்க. ஆனா இங்கிலீஷே தெரியாதவளுக்குத் தப்பு எப்படிக் கேட்டுச்சு, அதுதாங்க புரியல," என்றார்.