வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவும் கிருஷ்ணப்பனுக்குத் தொண்டைதான் சொத்து. அவர் விலை சொன்னால் வெளி ரோட்டில் நிற்கும் லாரி டிரைவருக்கும் கேட்கும். வீட்டில்தான் பேச்சு நின்றுபோனது.

சர்க்கரை நோய் வந்த சில வருடங்களில், படுக்கையில் உடம்பு அவரைக் கைவிட்டது. மனைவி நிர்மலாவிடம் அதைச் சொல்லவில்லை. அசதி என்றார். பிறகு கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்.

சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தார்.

"ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கு. ஷாக்வேவ் சிகிச்சை கொடுத்துப் பாக்கலாம். கரண்ட் இல்ல, ஒலி அலைதான். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்லமாட்டேன். சர்க்கரையைக் குறைங்க. அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

கிருஷ்ணப்பன் தனியாகவே போனார், வியாழக்கிழமைதோறும். ஜெல் தடவி, கருவியை வைத்து அழுத்துவார்கள். மரங்கொத்தி கொத்துவதுபோல டக் டக்கென்று அடிக்கும். பெரிய வலியில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

மண்டியில் கதை முளைத்தது.

"என்னண்ணா, வியாழக்கிழமையானா சட்டை வெள்ளையாயிருது? சேலத்துல தனியா வூடு பாத்துட்டீங்களாட்டம் இருக்குது" என்றான் சுமை தூக்கும் சந்துரு.

"உனக்கேன்டா பொறாமை?"

மண்டியே சிரித்தது. கிருஷ்ணப்பனுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

கதை நிர்மலாவுக்கும் எட்டியது. நேரிலேயே கேட்டார். "ஆம்பளைன்னா ஆயிரம் இருக்கும்" என்றார் கிருஷ்ணப்பன். நிர்மலா மொரப்பூரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சிகிச்சை ஓரளவு பலித்தது. ஒரு விடியலில் உடம்பு அதைத் தெரிவித்தபோது வீட்டில் யாருமில்லை. அன்றே மொரப்பூருக்குப் பஸ் ஏறினார்.

வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். "வேணும்னா டாக்டர்கிட்ட நீயே கேளு" என்றார்.

நிர்மலா முழுவதையும் கேட்டார். "சீக்குன்னு சொல்ல வெக்கம். வெச்சிருக்காருன்னு ஊரு பேசுனப்ப பெருமை. அப்படித்தானுங்க?"

கிருஷ்ணப்பன் திண்ணையில் உட்கார்ந்தார். நிர்மலாவே தொடர்ந்தார்.

"வரேன். வைத்தியத்தை யாருக்கும் சொல்ல வேணாம், அது நம்மளோட இருக்கட்டும். பொம்பளை யாரும் இல்லைன்னு மட்டும் மண்டில சொல்லுங்க. ஏலம் கூவறீங்களே, அந்தக் கொரல்ல. என்னப் பாத்துச் சிரிச்சவங்க காதுல விழணும். அன்னைக்கே வரேன்."

"அப்ப எங்க போனேன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

மறுநாள் மண்டியில் கூட்டம் நெரித்தது. சந்துருதான் ஆரம்பித்தான். "அண்ணிய அனுப்பியாச்சு. சேலத்து மகராசி எப்பண்ணா இங்க வர்றாங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தார். அடுத்த கூடைக்கு விலை கூவினார். லாரி டிரைவர்வரை கேட்டது.

அடுத்த வியாழக்கிழமையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறினார். சிகிச்சை முடிந்திருந்தது. சேலத்தில் அவருக்கு எந்த வேலையும் இல்லை.