கோவைக்கிழங்கு

"நடுவுல கெடக்குற இந்தக் கோவைக்கொடியப் புடுங்கி எறிஞ்சிருங்கண்ணே, பாம்பு வந்து அடையும்" என்றான், எங்கள் ஆனையூர் வீட்டை ஒட்டிய மனையை வாங்கிக் காம்பவுண்டு சுவர் எழுப்ப வந்திருப்பவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோழவந்தானில் பெரியப்பாவும் இதையேதான் சொன்னார்.

அங்கே எங்கள் இடத்துக்கும் அவர் இடத்துக்கும் நடுவே தரையோடு படர்ந்த கோவைக்கொடிதான் எல்லை. அதன் இலையைக் கசக்கித்தான் நான் சிலேட்டைத் துடைப்பேன். பச்சை வாடை கையைவிட்டுப் போகாது. பழம் சிவந்தால் கிளிகள் வந்து இறங்கும். பழத்தில் அப்பா எங்களைக் கைவைக்க விடமாட்டார்.

ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு நாங்கள் மதுரைக்குப் போயிருந்தபோது பெரியப்பா கொடியைக் கொளுத்திவிட்டு, எங்கள் பக்கமாகத் தள்ளி முள்வேலி போட்டுக்கொண்டார்.

"பாம்பு வருதுன்னு எரிச்சேன்டா. வேலி பழைய எடத்துலதான் இருக்கு" என்றார், கூசாமல். ஊரும் தலையாட்டியது.

ஐப்பசி மழையில் அவர் வேலிக்கு உள்ளே, பழைய எல்லை நெடுக, கோவை துளிர்த்தது. தீ கிழங்கைத் தொடவில்லை. அப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். பெரியப்பா சாகும்வரை அதை வெட்டிக்கொண்டே இருந்தார். அது முளைத்துக்கொண்டே இருந்தது.

இவனிடம் சொன்னேன்: "பாம்பு வந்தா வரட்டும் தம்பி. ஒஞ் சுவரு எங்க நிக்கணும்னு இந்தக் கொடி சொல்லும்."