வேதாக்கா பெயருக்கு நேரே எழுதியது

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூஜை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விழுப்புரத்திலிருந்து கற்பகம் போன் செய்தாள். வேதாக்காவின் மகள். "அம்மா போயிட்டாங்க சித்தி. தண்ணி கேட்டாங்க, ஸ்பூன்ல குடுத்தோம், எறங்கல" என்றாள். வயிற்றுப்புண் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உணவுக்குழாயில் கட்டி என்பதை அன்றுதான் கேட்டேன். தை மாதம் கோயில் நடை போய் வந்த பிறகுதான் டாக்டர் பார்த்திருக்கிறார். அதற்குள் முற்றிவிட்டது.

போனை வைத்துவிட்டு நான் நடை நோட்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை.

வேதாக்காவை அறிந்த எல்லோருக்கும் இந்த நோட்டைத் தெரியும். ஆடி, புரட்டாசி, தை என்று வருஷத்துக்கு மூன்று அமாவாசைக்குத் திண்டிவனத்திலிருந்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு மூன்று நாள் நடக்கிறோம், ஒன்பது பெண்கள். காப்புக் கட்டிய பிறகு வழியில் கடைச் சோறு தொடக்கூடாது என்பது எங்கள் கட்டு. மூன்று நாள் சாப்பாடும் முதுகுப் பையில்தான். யாருக்கு எந்த வேளைக்கு என்ன, யார் பையில் எது என்று எழுதுவது என் வேலை. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். என் கையெழுத்தைப் பார்த்து, "கோலம் மாதிரி கீது லோகு" என்பார் வேதாக்கா. அளவு சொல்வது அவர் வேலை. சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவர். முந்தின நாளே விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்.

முதல் தடவை நான் கட்டிய பையை அவர் என் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டியது நினைவிருக்கிறது. கண்ணாடி ஜாடியில் ஊறுகாய், இரண்டு கிலோ முறுக்கு, ஒரு டப்பா நெய்.

"மலையனூருக்குப் போறியா, பொண்ணுக்கு சீர் கொண்டுக்கினு போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தபடி சொன்னார்: "முதுகுல ஏத்துறது வயித்துல எறங்கணும் லோகு. வயித்துல எறங்காதது முதுகுல ஏறக்கூடாது." முதல் நாளுக்குப் புளிசோறு, இரண்டாம் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மூன்றாம் நாளுக்கு அவலும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையில் பிடித்த உருண்டையும். கெடுவது முதலில், கெடாதது கடைசியில். அன்றிலிருந்து அந்த வரிசை மாறவில்லை.

மாறியது அவர் பெயருக்கு நேரே உள்ள வரிதான். போன ஆடியில், "எனக்குப் புளிசோறு வாணாம், வறட்டுன்னு கீது. மோர்ல கரைச்ச சோறு போதும்" என்றார். எழுதிக்கொண்டேன். புரட்டாசியில் இட்லியும் வேண்டாம் என்றார். மூன்று நாளும் கேப்பைக் கூழ் மட்டும், அதுவும் நீர்க்க.

"இன்னாக்கா, ஒருபொழுதா?" என்று நான்தான் கேட்டேன். "அப்டித்தான் வெச்சுக்கோயேன்" என்றார்.

அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? செஞ்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "நாம இட்லிய அமுக்குறோம், அக்காவைப் பாருங்கடி. அவங்களதுதான் விரதம்" என்று பெரிதாகப் பேசினேன். இரண்டு பேர் எழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வேதாக்கா தூக்கு மூடியில் கூழை ஊற்றி, சொட்டுச் சொட்டாக, கழுத்தைச் சாய்த்துக் குடித்தார். கழுத்தைச் சாய்த்தது என் கண்ணில் பட்டது. தியானம் போல இருக்கிறது என்று நினைத்தேன்.

தையில் அவர் பெயருக்கு நேரே மோர், வெல்லத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் கனமான பையை அவர்தான் கேட்டு வாங்கினார். ஒன்பது பேருக்கான மல்லாட்டை உருண்டையும் அவர் முதுகில். மூன்றாம் நாள் கோயிலுக்கு முன்னால் பையைத் திறந்து, "எட்த்துக்குங்கடி, என் பங்கையும் சேத்து" என்று நீட்டினார். அவர் பங்கில் இரண்டை நான் தின்றேன். நன்றாக இருந்தது. அவர் சொன்ன கட்டை அவரே மீறி, வயிற்றில் இறங்காததை முதுகில் சுமந்து வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காரியத்தன்று கற்பகத்திடம் நோட்டைக் காட்டினேன். ஆடி, புரட்டாசி, தை என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். டாக்டர் கேட்டபோது எந்த மாதத்திலிருந்து சோறு இறங்கவில்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம்.

"ஐப்பசிலயே ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டேன் சித்தி. எல்லாரும் விரதம்னு கும்பிட்டுக்கினு கீறாங்க, இப்ப போயி முழுங்க முடியலன்னு எப்டி சொல்றது, தை நடை முடியட்டும்னாங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதை முதலில் விரதம் என்று சொன்னது நான்.

ஐப்பசியில் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அம்மன் சந்நிதியில் கேட்டேன். நான் எழுதியது ஒன்றும் பொய்யில்லை. ஒரு கவளம் கூடக் குறைய எழுதவில்லை. நோய் வளர்ந்ததை நாள் வாரியாக என் கையாலேயே எழுதி, பக்கத்தில் "ஒருபொழுது" என்று போட்டு, சின்னதாக ஒரு தாமரையும் வரைந்திருக்கிறேன்.

அவர் பொருளென்று என்னிடம் இருப்பது அந்தத் தூக்கு மூடி ஒன்றுதான், கற்பகம் கொடுத்தாள். ஆடி நடைக்கு அதில்தான் அவல் அளப்பேன். எட்டுப் பேருக்கு. புளிசோறு, இட்லி, அவல் என்ற வரிசை அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் புதிது. யாராவது ஒருபொழுது என்று சொன்னால், நான் எழுதுவதற்கு முன் என் எதிரில் உட்கார்ந்து ஒரு மல்லாட்டை உருண்டையை மென்று விழுங்கிக் காட்ட வேண்டும். கூட நடக்கிறவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். விரதம் கெட்டதற்கு அங்காளம்மனிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.