பெட்டிக்கு ஒரு கதிரை

போன கிழமை கனடாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு என்னைப் பாராட்டினார். நான் எடுத்த கலியாண வீடியோ அவ்வளவு திறமாம். பாராட்டினால் மனிதருக்குச் சந்தோசம் வரவேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம், போனை வைத்த பிறகும் ஆறவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? அவர் பாராட்டியது என்னுடைய பெட்டியை!

இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். தர்மபுரத்தில் பதினொரு வருடமாகக் கமரா தூக்குகிறேன். நாலு பேர் கூடினால் ஒதுங்குகிற ஆள். கமராவுக்குப் பின்னால் நின்றால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்... அந்த ஒரு வசதிக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்றும் சொல்லலாம். கதைக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிவிடும். எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் கமலாக்கா இருக்கிறா. புருசன் செத்து நாலு வருடம். ஒரே மகள் துஷா. துஷாவின் கலியாணத்துக்கு வீடியோ நான்தான் என்று தாயும் மகளும் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். செலவு முழுக்கக் கமலாக்காவின் தம்பி, கனடாவில் இருப்பவர். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் என்னை வட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"அக்கா, உங்கட கமராவுக்கு முன்னால பெட்டி இருக்கோ?"

"எந்தப் பெட்டி தம்பி?"

"மேட் பொக்ஸ் அக்கா. கறுப்பா, நாலு பக்கமும் கதவு மாதிரித் திறக்கும். இஞ்ச எல்லாரும் அதுதான் வச்சிருக்கினம்."

விளங்கியது. படப்பிடிப்புகளில் பார்த்திருப்பீர்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு சதுரப் பெட்டி, அதற்கு மேலேயும் பக்கத்திலேயும் கறுப்புத் தட்டுகள். பக்கத்து வெளிச்சம் லென்ஸில் விழுந்து படத்தை வெளிற வைக்காமல் மறைக்கும். உள்ளே சதுரக் கண்ணாடி, அதாவது ஃபில்டர், செருகலாம். வெயிலில் நிற்பவனுக்கு அது தேவை. கலியாண மண்டபத்துக்குள், என்னுடைய சின்ன லென்ஸுக்கு, லென்ஸோடு வந்த வட்ட மறைப்பே போதும்.

இதை அவரிடம் சொல்ல வாய் திறந்தேன். "தம்பி, அது வெளிச்சம் மறைக்கிறதுக்கு. மண்டப ஹோலுக்குள்ள..."

"எனக்கு உதெல்லாம் விளங்காது அக்கா. பெட்டி இல்லாட்டி, போட்டோ எடுக்கிற கமராவால வீடியோ எடுத்து ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு சனம் கதைக்கும். வவுனியாவில ஒரு செற் இருக்கினம். ஆறு பேர். பெட்டியோட."

பதினொரு வருடம்! எத்தனை கலியாணம், எத்தனை பிறந்தநாள், எத்தனை செத்தவீடு! ஒருவராவது ஃபோகஸ் சரியோ, சத்தம் தெளிவோ என்று கேட்டதுண்டா? வெறும் பிளாஸ்ரிக் சதுரம் ஒன்று இல்லையென்றால் நான் ஏமாற்றுக்காரி.

விட்டுவிட்டுப் போயிருப்பேன். போகவிடாமல் செய்தது துஷா. அன்று பின்னேரம் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தாள்.

"அன்ரி, அம்மா மணவறைக்குக் கிட்ட வரமாட்டா. உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். புருசன் இல்லாதவள் மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாதாம். தாரைவார்த்துக் கொடுப்பதும் மாமாவும் மாமியும்தான்.

"தாலி கட்டேக்க எனக்குத் திரும்பிப் பாக்கேலாது அன்ரி. அவா எங்க நிண்டாலும் நீங்கள் அவான்ர முகத்தை எடுங்கோ. வேற ஆக்கள் வந்தா அவையளுக்கு அவா ஆரெண்டே தெரியாது."

இதற்குப் பிறகு எப்படி வவுனியா செற்றுக்கு விடுவது? பெட்டி வாங்குவதென்று முடிவெடுத்தேன். மலிவாக.

மலிவாகப் பெட்டி தேடுவது லேசான வேலையென்று நினைக்காதீர்கள். மூன்று நாள் போனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் சொல்கிறார், இரண்டு கம்பியில் பூட்டுகிற பெட்டிதான் உறுதி. இன்னொருவர் சொல்கிறார், லென்ஸிலேயே கவ்வுகிற பெட்டிதான் பாரமில்லாதது. அலுமினியம் என்கிறார்கள், கார்பன் என்கிறார்கள். என்னுடைய கமராவையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் வாங்க முடியாத பெட்டியை "ஆரம்பக்காரருக்கு ஏற்றது" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்.

கடைசியில் கொழும்பில் ஒரு கடையின் நம்பர் கிடைத்தது. கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது கடைக்காரர் திருப்பிக் கூப்பிட்டார். பஸ்ஸில் பாட்டுச் சத்தம். வெட்கத்தை விட்டுக் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"ஓம், பெட்டிதான் அண்ணை. மலிவா ஒண்டு காணும்... இல்லையில்லை, பெரிசு வேண்டாம், தனியத் தூக்கோணும்... பிளாஸ்ரிக் எண்டாலும் பரவாயில்லை, ஒருநாள் தேவைக்குத்தானே... மூடியைக் கழட்டிப் பூட்டலாமோ?... உள்ளுக்கு எவ்வளவு அகலம்?"

பக்கத்து சீற்றிலிருந்த எங்கள் ஊர் அம்மா என் கையைப் பிடித்தா. கண் கலங்கியிருந்தது.

"ஆருக்குப் பிள்ளை?"

"கமராவுக்கு அம்மா."

"ஐயோ, கமலாவுக்கோ! மகளின்ர கலியாணத்தைக் கூடப் பாக்காமல் போட்டாளே!"

நான் "இல்லை அம்மா, கமரா, கமரா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா பின்சீற்றுக்குத் திரும்பிவிட்டா. பின்சீற்று அடுத்த சீற்றுக்குச் சொன்னது, கமலாவுக்குச் சவப்பெட்டி வாங்குகினமாம் என்று. அதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் நின்று விளங்கப்படுத்தியிருப்பார்கள். நான் இறங்கி ஓடிவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் போகவில்லை, வாசல் படலையில் கமலாக்கா நிற்கிறா. இடுப்பில் கை.

"ஏனடி வசந்தி, எனக்குப் பெட்டி பாக்கிறதெண்டால் நல்லதாப் பாக்கமாட்டியோ? பிளாஸ்ரிக்கிலயோ எனக்கு?"

"அக்கா, சத்தியமா..."

"அதுவும் தனியத் தூக்கக்கூடின சைஸில! நான் என்ன பூனைக்குட்டியே? மூண்டு பேர் வந்து அழுதிட்டுப் போகினம். நானே தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பினனான்."

சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். போகும்போது அவா சொன்னா, "நல்லதுக்குத்தான். முன்னுக்கு நிக்கக்கூடாத ஆளுக்குச் சாவென்ன வாழ்வென்ன." சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பார்சல் வந்தது. பிரித்துப் பூட்டினேன். முதல் பிரச்சினை, பெட்டியின் பின் வாய் பெரிது, என் லென்ஸ் சிறிது. சுற்றிவர விரல் போகும் இடைவெளி. பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து ஃபில்டர் கண்ணாடியில் பட்டு, படத்தில் ஒரு விளக்கு இரண்டு விளக்காகத் தெரிந்தது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வளையமாகச் சுற்றி அடைத்தேன். இரண்டாவது பிரச்சினை, கம்பியில் பூட்டினால் பெட்டியின் நடுவும் லென்ஸின் நடுவும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. கமராவுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து உயர்த்தினேன். மூன்றாவது, அகலமாக எடுத்தால் படத்தின் நாலு மூலையும் கறுத்தது.

என்னுடைய மனிசன் வயலால் வந்தவர் பார்த்துவிட்டுக் கேட்டார், "உதென்னப்பா, கமராவுக்கு யன்னல் வச்சிருக்கிறீர்?"

நியாயமாகச் சொல்ல வேண்டும். பின்னேர வெயிலில் வயல் வரம்பில் அவரை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். மேல் தட்டை இறக்கியதும் படத்திலிருந்த வெளிறல் போய், நெல்லின் பச்சை பச்சையாக வந்தது. பெட்டியில் எனக்குக் கோபமே இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. இன்றைக்கு வாங்கப் போகிறவர் யாராவது இருந்தால் ஒன்று சொல்வேன்: முதலில் உங்கள் லென்ஸின் முன்வாயை அளவுகோலால் அளந்து எழுதிக்கொண்டு பிறகு கடைக்குப் போன் எடுங்கள். பாரமில்லாததைக் கேளுங்கள். தட்டுகளைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். பஸ்ஸுக்குள் கேட்காதீர்கள்.

கலியாண நாள் வந்தது. கிளிநொச்சியில் ஒரு மண்டபம். கனடாத் தம்பி வாசலிலேயே என்னைப் பார்த்தார். என்னை எங்கே பார்த்தார்? பெட்டியைப் பார்த்தார்.

"ஆ... இப்பதான் கமரா மாதிரி இருக்கு!" பெட்டியோடு நின்று செல்ஃபியும் எடுத்தார். செல்ஃபியில் பெட்டி இருந்தது. நான் இல்லை.

அன்றைக்குக் கிடைத்த மரியாதையை என்னவென்று சொல்ல! "ரீவியில எப்ப போடுவினம் அக்கா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். சனம் விலகி வழிவிட்டது. சமையல்காரர் தேடிவந்து முதல் தேத்தண்ணியை எனக்குத் தந்தார். பதினொரு வருடத்தில் எனக்கு யாரும் முதல் தேத்தண்ணி தந்ததில்லை. ஆறிய தேத்தண்ணிதான் எனக்குப் பழக்கம்.

முகூர்த்தம் கிட்டியது. மணவறையைச் சுற்றிச் சனம் நெருங்கியது. பெட்டியின் பக்கத் தட்டு ஒரு மாமியின் கொண்டைப் பூவில் கொழுவியது. "உந்தக் கதவை மூடு பிள்ளை!" என்று அவா சீறினா. முன்பாரம் மணிக்கட்டை இழுத்தது. எங்கே கமலாக்கா? தலைகளுக்கு மேலால் தேடினேன். சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் வாசலடியில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றா. பாதி முகம்தான் தெரிந்தது.

இந்தக் கூட்டத்துக்குள் இந்த யன்னல் கதவுகளோடு திரும்புவது எப்படி? அகலமாக எடுத்தால் மூலை கறுக்கும். கிட்டப் போக வழியில்லை. மேளகாரர் ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துஷா குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் ஒருதரம் கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள்.

இரண்டு ஸ்குரூவைத் தளர்த்தினேன். பெட்டியை உருவினேன். கையில் வைத்திருக்க முடியாது, நிலத்தில் வைத்தால் மிதிபடும். முன்வரிசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது. கனடாத் தம்பி மணவறையில் நின்றதால் அது அவருடைய கதிரை. பெட்டியை அதில் வைத்துவிட்டுத் திரும்பினேன். தாலி கட்டுவதை, காலையிலேயே மணவறைக்கு நேரே முக்காலியில் நிறுத்தியிருந்த என்னுடைய மற்றக் கமரா பார்த்துக்கொண்டது.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் மணவறையைப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்தேன்.

கமலாக்கா கால்விரல்களில் எம்பி நின்றா. ஒரு கை தூணில். மற்றக் கையில் அறுகரிசி. யாரோ தட்டை நீட்டும்போது பழக்கத்தில் எடுத்திருப்பா போல. எல்லாரும் மணமக்கள் மேல் எறிந்தார்கள். அவா எறியவில்லை. தண்ணீர்த் தட்டோடு வந்த ஒருவர் "கொஞ்சம் விலகுங்கோ அம்மா" என்றார். விலகினா. விலகியும் எம்பியபடியே நின்றா. அரிசிக் கை மூடியபடியே இருந்தது. மேளம் ஓய்ந்த பிறகு அந்தக் கையை மெல்ல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டா.

அவ்வளவும் எடுத்தேன்.

எனக்குப் பின்னால் ஒரு வயதானவர் பக்கத்துக் கதிரை இளைஞரிடம் கேட்டார். "தம்பி, உந்தக் கதிரை காலியே?"

"இல்லையில்லை ஐயா, அது கனடாக்காரற்ற பெட்டி. தொடாதேங்கோ, விலைகூடின சாமான்."

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு பார்த்தேன். முன்வரிசையில், மெத்தை போட்ட கதிரையில், மலிவுப் பிளாஸ்ரிக் பெட்டி, சைக்கிள் ரியூப் வளையத்தோடு, சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு காவல்காரர். பெற்று வளர்த்தவள் தூணுக்குப் பின்னால் எம்பி நிற்கிறா.

எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது இது? சொல்லுங்கள். வெளிச்சத்தை மறைக்கிற சாமானை முன்னுக்கு வைப்போம், வீட்டின் வெளிச்சத்தைப் பின்னுக்கு மறைப்போம்... அதற்குப் பெயர் மங்கலமா? அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்கும் இவ்வளவு காலம் உறுத்தவில்லையே! எத்தனை கலியாணத்தில் எத்தனை தூண்களை நான் பார்க்காமல் விட்டிருப்பேன்?

வீடியோவை வெட்டி ஒட்டி அனுப்பினேன். துஷா வீட்டுக்கு வந்து என் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

பிறகுதான் போன கிழமை அந்தப் போன்.

"அக்கா, எங்கட அக்காவை எடுத்திருக்கிறியளே, அந்த ஷொட்! இஞ்ச எல்லாரும் அழுதிட்டம். பாத்தீங்களே, நான் சொன்னனான்தானே. பெட்டி போட்டால்தான் அந்தக் கிளியர் வரும்."

வழமையாக நான் "ஓம் தம்பி" என்பேன். பதினொரு வருடமாக எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில். அன்றைக்கு நாக்கு ஒட்டவில்லை.

"தம்பி, அந்த நேரம் பெட்டி கமராவில இருக்கேல்லை."

"அப்ப எங்க இருந்தது?"

"முன்வரிசையில. உங்கட கதிரையில. உங்கட அக்காவுக்குத்தான் ஒருத்தரும் கதிரை போடேல்லை."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரியக்கா... பிறகு எடுக்கிறன்" என்றார். இன்னும் எடுக்கவில்லை.

நேற்று இன்னொரு கலியாண வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கேட்டார், "பெட்டி இருக்கோ?"

"இருக்கு. அதுக்குக் கதிரை தேவையில்லை" என்றேன்.