வியாழன் மாலை வந்த போத்தல்

அன்றைக்கு எங்கள் ஜொகூர் பாரு கிளையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேனேஜர் தியாகு. கௌண்டரில் ஹஸ்னா. கோத்தா திங்கியிலிருந்து வந்திருந்த லோரி டிரைவர் சவரிமுத்து, அவர் மனைவி மேரி. பிறகு டிஸ்பேட்ச் ரைடர் மணியம், அதாவது நான். வேறு யாரும் இல்லை. பின்னால் தலைமை அலுவலகம் விசாரித்தபோது, அந்தப் போத்தலை அன்றைக்கே அனுப்புவதைப் பற்றி ஒரு பேச்சு நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை என்று பதில் போனது. அதனால்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

நான் பாரம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்களுடையது தனியார் லேப். மோட்டார் சைக்கிளில் கிளினிக் கிளினிக்காகப் போய் இரத்தம், சிறுநீர், வெட்டியெடுத்த சதைத் துண்டு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கிளைக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய டெஸ்ட் என்றால் அங்கிருந்து கோலாலம்பூர் லேப்புக்கு வேன் போகும். எனக்குச் சுபாவமே பயம். மூடி இறுகியிருக்கிறதா என்று சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். மழை வந்தால் என் சட்டையைக் கழற்றிப் பெட்டிமேல் போடுவேன். ஆபீசில் எனக்குப் பெயர் தாக்குட் மணியம். மலாயில் தாக்குட் என்றால் பயம்.

முதுகில் எடுத்த சதை

மேரிக்கு நுரையீரலில் புற்றுநோய். முதலில் ஏற்றிய கீமோவில் கட்டி பாதிக்குமேல் கரைந்துவிட்டது. கோயிலில் நன்றிப் பூசைகூட வைத்திருக்கிறார்கள். பிறகு அதே மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே கட்டி மறுபடியும் வளரத் தொடங்கியது. டாக்டர் முதுகுப் பக்கம் ஊசி விட்டுப் புதிதாகச் சதை எடுத்து, ஜீன் டெஸ்ட் செய்யச் சொன்னார். விலை விசாரித்ததில் எங்கள் கிளைதான் மலிவு. ஆறாயிரத்து எண்ணூறு ரிங்கிட். சவரிமுத்து லோரி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். போத்தலை அவரே ஒரு டிபன் பையில் வைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மேரி நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அதே மருந்துதானே தம்பி. முன்ன கேட்டுச்சு. இப்ப ஏன் கேக்கல?"

தியாகு கெட்ட மனிதர் இல்லை. நிதானமாகத்தான் விளக்கினார். புற்று என்பது எல்லாம் ஒரே மாதிரி செல் இல்லை, சிலவற்றில் ஜீன் மாறியிருக்கும் என்றார். சில செல்கள் உள்ளே வரும் மருந்தை அப்படியே வெளியே தள்ளிவிடும். சிலது மருந்து உடைத்ததைத் தானே ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் செத்த பிறகு அதுகள் மட்டும் தங்கிப் பெருகும். எந்த ஜீன் மாறியிருக்கிறது என்று தெரிந்தால், அதற்கென்று வேறு மருந்து இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

மேரி சிரித்துவிட்டார். செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலையிலேயே வயதைக் கழித்தவர்.

"இதுக்கா அந்த டாக்டர் அவ்ளோ நேரம் படம் போட்டுக் காட்டுனாரு? தோட்டத்துல நாங்க பாக்காததா. மொத தடவ அடிச்சா எல்லாம் கருகிடும். அடிக்க அடிக்க, சாகாத புல்லு மட்டும் நிக்கும். அப்பறம் அந்த லைன் பூரா அதோட புள்ளைங்கதான். மேல்பார்வை பாக்கற மண்டோர் வந்து எங்களத்தான் ஏசுவாரு, மருந்துல தண்ணி ஊத்திட்டீங்கன்னு."

"அப்பறம் என்னக்கா செய்வாங்க?" என்றேன் நான்.

"மருந்த மாத்துவாங்க. எந்தப் புல்லு, எந்த மருந்துன்னு தெரியணும்ல. அதுக்குத்தானே இந்தப் போத்தல்."

வெள்ளியும் சனியும்

இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். எங்கள் வேன் மத்தியானம் மூன்று மணிக்கே புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்த நாள் நமக்கு லீவு. சனிக்கிழமை இரண்டு பக்கமும் லீவு. ஞாயிறு நாம் திறந்திருப்போம், அவர்கள் பூட்டியிருப்பார்கள். வியாழன் சாயங்காலம் வந்த போத்தல் திங்கட்கிழமைதான் அந்த லேப்பின் வாசலை மிதிக்கும். வருஷக்கணக்காக எல்லாப் போத்தலும் அப்படித்தான் போனது. யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

போத்தலில் சதை ஊறிக்கொண்டிருந்த ஃபார்மலின் திரவத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த பயம் வேறு. மூடி கசியும், கரண்ட் போகும், துடைக்க வருகிறவர் தட்டிவிடுவார். பூட்டிய ஆபீசில் அந்தச் சதை அத்தனை நாள் தனியாக இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன். தியாகுவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பாஸ், லார்க்கின் பஸ் ஸ்டேஷன்ல ஏழு மணி பஸ் இருக்கு. நான் கொண்டு போறேன். காலைல கே.எல். லேப்புல குடுத்துட்டு வந்துடுறேன்."

"ஓ.டி. யாரு குடுப்பா, உங்க மாமனாரா? பஸ்ல சாம்பிள் கொண்டு போனா எச்.க்யூ. என்னைய உதைக்கும் லா."

"பஸ் காசு நானே போட்டுக்கிறேன், பாஸ்."

"மணியம், போன வாரம் யூரின் போத்தலுக்கும் இதே கத சொன்னீங்க. ஃபார்மலின் எதுக்கு இருக்கு? கெடாம இருக்கத்தான். ஊறுகா மாதிரி, ஊற ஊற நல்லது."

சத்தமாகத்தான் சொன்னார். ஹஸ்னாவுக்குத் தமிழ் அரைகுறை, இருந்தாலும் தாக்குட் மணியம் மறுபடியும் தொடங்கிவிட்டார் என்று புரிந்து சிரித்தாள். மேரியும் சிரித்தார். "விடுங்க தம்பி, அது எங்க ஓடிடப் போகுது," என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு இதுதான் கதி. உண்மையாகப் பயப்பட வேண்டிய நாளிலும் அவன் குரல் அதே குரலாகத்தான் கேட்கிறது.

திங்கட்கிழமை போத்தல் போய்ச் சேர்ந்தது. கசியவில்லை, உடையவில்லை, லேபல் அழியவில்லை. என் கணக்கில் வேலை சுத்தம்.

ரிப்போர்ட்

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. டி.என்.ஏ. போதிய தரத்தில் இல்லை, டெஸ்டை முடிக்க இயலவில்லை. அவ்வளவுதான். எந்த ஜீன் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கோலாலம்பூர் லேப்பில் எனக்குப் பழக்கமான டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். போன் போட்டுக் கேட்டேன். துண்டு சின்னது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். ஆனால் ஃபார்மலினில் அத்தனை நாள் கிடந்தால் ஜீன் துண்டு துண்டாக உடைந்துவிடும் என்றார். சதை பார்வைக்கு அப்படியே இருக்குமாம். உள்ளே படிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காதாம்.

சவரிமுத்து தனியாகத்தான் வந்தார். மேரியால் வண்டியில் உட்கார முடியவில்லை. தியாகு ரிப்போர்ட்டின் அடியில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். சாம்பிள் தரத்துக்கு லேப் பொறுப்பில்லை, கட்டிய பணம் திரும்பாது, மறுபடியும் சதை எடுத்துக் கொடுத்தால் பாதி விலைக்குச் செய்யலாம் என்றார்.

சவரிமுத்து அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பணத்த விடுங்க சார். முதுகுல குத்துனப்ப அவ என் கையப் பிடிச்சா பாருங்க, நகம் பதிஞ்சது இன்னும் ஆறல. மறுபடி எப்படி நான் போய் அவகிட்ட கேக்கறது?"

தியாகு ஏர்கானைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

ஆனாலும் சவரிமுத்து மனைவியிடம் கேட்டிருக்கிறார், மேரியும் சரி என்றிருக்கிறார். டாக்டர் தேதி கொடுத்தார். அதுவரை வேறு ஒரு கீமோவை உத்தேசமாக ஏற்றினார்கள். உத்தேசம் என்பது டாக்டரே சொன்ன சொல். அதுவும் கேட்கவில்லை. ஊசி விடக் கொடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னால் மேரி இறந்துபோனார்.

டெஸ்ட் ஒழுங்காக நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள். ஜீன் தெரிந்தாலும் அதற்கு மருந்து இல்லாமல் போகலாம், மருந்து இருந்தாலும் வாங்கப் பணம் இல்லாமல் போகலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எந்தப் புல் என்று பார்க்கவே இல்லை. பார்க்காமலே மருந்து அடித்தோம்.

அடக்கத்துக்குக் கம்பெனி சார்பில் மலர்வளையம் போனது. கொண்டுபோனது நான்தான். பெட்டியில் வைக்க முடியவில்லை, தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

இப்போது ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் லீவு. அந்த இடைவெளி மூடிவிட்டது. மேரிக்காக மூடியது இல்லை, அரசாங்கம் மாற்றியதால் மூடியது. ஆனால் ஹரிராயா வரும், சீனப் பெருநாள் வரும், தீபாவளி வரும். நீண்ட லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் யாராவது ஒரு போத்தலை நீட்டுவார்கள்.

நான் வேலை செய்த காலம் முழுவதும், போய்ச் சேருமா என்றுதான் பயந்தேன். அது தப்பான பயம். லேப்பில் அந்தப் போத்தலை என்றைக்கு, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேளுங்கள். உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்று, மறுபடியும் கேளுங்கள். நான் அவர்கள் சிரித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயில் பங்குத்தந்தை இரண்டு தடவை வந்து பேசியதில், பாதியைத் திருப்பித் தருவதாகத் தியாகு ஒத்துக்கொண்டார். மூவாயிரத்து நானூறு. முதல் தவணையாக ஆயிரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கிளை கைமாறியது, தியாகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், பழைய கணக்கு எங்களுக்குத் தெரியாது என்று புதிய கம்பெனி சொல்லிவிட்டது. சவரிமுத்து இன்னும் லோரி ஓட்டுகிறார். அவருக்கு வர வேண்டியது இரண்டாயிரத்து நானூறு ரிங்கிட்.