அரைக்கட்டை கீழே

அறுபதுகளின் தொடக்கம். கோடைக்கானல் ஏரியில் படகுச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். பழனியில் பேண்டு செட் நடத்திய மாமா, இனி ஊதத் தெம்பில்லை என்று தள்ளிவிட்ட டெனர் சாக்ஸபோன் ஒன்று என்னிடம் இருந்தது. வேறு சொத்து இல்லை, வேண்டியும் இருக்கவில்லை.

பஜாரில் ரேடியோக் கடை வைத்திருந்த பாய்க்கு, மதராஸிலிருந்து சினிமாப் பிளேட்டுகளோடு ஒரு ஜாஸ் இசைத்தட்டும் பஸ்ஸேறி வந்தது. புத்தம் புதிது. அட்டையில் நாலே பேர்: முன்னால் டெனர்காரர், பின்னால் பியானோ, ஆளுயர பாஸ் பிடில், டிரம். மின்சாரம் தொட்ட வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. ஊசியை வைத்ததும் அந்த டெனர், மூடுபனிக்குள்ளிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ பழைய குறும்பை நினைத்துச் சிரித்துக்கொண்டு, நேரே என்னைப் பார்த்து நடந்து வந்தது.

பாய் காதைக் குடைந்தார். "நாலு பேரும் நாலு பக்கமா இழுக்குறாய்ங்க. யாராச்சும் ஒரு ஆளு கடையேறி, இதே மாதிரி இன்னொண்ணு இருக்கான்னு கேக்கட்டும், இவரோட அடுத்த தட்டையும் வரவழைக்கிறேன். இல்லேன்னா இதோட சரி."

"நான் கேக்குறேனே பாய்."

"நீ சேத்தி இல்லப்பா. நீ ஓசியில கேக்குற ஆளு."

அடுத்த தட்டு! அதில் அந்த ஆள் என்னென்ன சொல்லப்போகிறாரோ. அதைக் கேட்காமல் எப்படி இருப்பது? சீசன் தொடங்கியதிலிருந்து, சாயங்காலமானால் கடைக்கு ஓடி, முதல் பாட்டைத் துண்டு துண்டாக விரலில் ஏற்றிக்கொண்டேன். சீசன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் தேநீர் விருந்து. அங்கே வாசித்தால் ஒருவராவது மயங்கிக் கடையேறமாட்டாரா?

மிஷன் பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சர் பியானோவுக்குச் சம்மதித்தார். விருந்துக்கு முந்தின வாரம் தட்டை வாங்கிப்போய்க் கேட்டுப் பழகினார். ஒத்திகைக்கு அவருக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை.

ஞாயிறு. ஹால் நிறையக் கூட்டம். அவர் தொடங்கினார், நான் ஊதினேன். ஐயோ! இரண்டு பூனைகளை ஒரே சாக்கில் கட்டியதுபோல் இருந்தது. கையில் கேக்கோடு எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தினோம்.

"தம்பி, எதை வாசிக்கிறீங்க?"

"தட்டுல இருக்குறதைத்தான் டீச்சர்."

"நானும் அதைத்தான் வாசிக்கிறேன். நீங்க அரைக்கட்டை கீழ இருக்கீங்க."

என் காது சுட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து பாய் எழுந்தார்.

"அவன் மேல தப்பில்லீங்க டீச்சர்! சீசன்ல எல்லா ஓட்டல்லயும் லைட்டப் போட்டாய்ங்கன்னா, என் மெசினு முக்கி முக்கித்தான் சுத்தும்!"

ஹால் வெடித்துச் சிரித்தது. உண்மைதான். தினமும் கடை பல்பு ஆரஞ்சுச் சுளையாய் மங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதோடு தட்டு மெதுவாகச் சுற்றியதும், சுருதி இறங்கியதும் எனக்கு உறைக்கவில்லை. டீச்சரின் பள்ளியில் சொந்த ஜெனரேட்டர். அவர் கேட்டது நிஜச் சுருதி. நான் கற்றது கோடைக்கானல் கரண்டின் சுருதி. என் விரல்களுக்கோ அந்த ஒரே வழிதான் தெரியும்.

"இன்னொரு நாள் பாத்துக்கலாம் டீச்சர்," என்றேன்.

"எதுக்கு? நீங்க அங்கேயே இருங்க. நான் எறங்கி வர்றேன்."

கட்டைகள்மேல் கை நகர்ந்தது. மறுபடி தொடங்கினார். சேர்ந்தது! ஏரித் தண்ணீரில் இரண்டு துடுப்பும் ஒரே நேரத்தில் விழுந்ததுபோல் சேர்ந்தது. யாரோ பலகைத் தரையில் காலால் தாளம் போட்டார்கள். வாயில் சாக்ஸபோனை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. முயன்றேன், கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு கடையேறினார். "பாய், இவரோட வேற தட்டு இருக்குங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். பென்சிலைத் தேடினார், அது அவர் காதிலேயே இருந்தது.

"எழுதிப் போட்டுர்றேங்க. சீசன் முடிஞ்சு, கரண்டு நல்லா இருக்குறப்ப வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க," என்றார் டீச்சர். "சீசன்லயே வரட்டும். நானும் இங்க வந்தே கேக்குறேன்."