காகத்துக்கு வைத்த சோறு

“1996 செப்டம்பர் 21, புரட்டாசி முதற் சனி. பூனையின் சாப்பாட்டுக் கிண்ணத்தை மாலை ஆறு மணிக்கே உள்ளே எடுத்தாயிற்று” என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டுப் பின்படிக்கு, இரவில் தீனி தேடித் திரியும் ரக்கூன் என்ற காட்டுவிலங்கு வராதிருக்க அந்த ஏற்பாடு.

ஏழரைக்குப் பூனையைக் கூப்பிட மனைவி கதவைத் திறந்தாள். காலடியில் உறுமல் கேட்டது. இரண்டு ரக்கூன்கள், நடுவில் முதுகை வளைத்தபடி எங்கள் பூனை.

“அசையாதையும்! கடிச்சா விசர்நோய் ஊசிதான்” என்றேன்.

“கிண்ணம் உள்ளுக்கையெல்லே கிடக்கு? பேந்தென்னத்தையப்பா தின்னுதுகள்?” என்றாள் மனைவி.

மதியம் சனீஸ்வரனை நினைத்துக் காகத்துக்கு நான் அந்தப் படியில் வைத்த எள்ளுச்சோறு! அதை எடுக்க மறந்திருந்தேன். கூட்டும் தும்புத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினேன். அவை வேலியேறிப் போயின. பூனை கீறலின்றித் தப்பியது.

இப்போது காகத்தின் சோற்றையும் இருட்டுமுன் எடுத்துவிடுகிறேன். அதைக் காகம் ஒருநாளாவது தின்றதா என்பதை மட்டும் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.